கழுத்தில் நீர்க்கட்டி: ஸ்கான் அறிக்கையில் எதைப் பார்க்க வேண்டும்?

வாசகர் கேள்விகளுக்கு வைத்தியரின் பதில்கள்

தைரொயிட் சுரப்பியில் தோன்றும் நீர்க்கட்டிகளைப் பற்றி இம்முறை ஒன்றன்பின் ஒன்றாகக் கடிதங்கள் வந்திருப்பதால், இந்தப் பகுதி முழுவதையும் அந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டேன். கடிதத்தையும் அறிக்கையின் பிரதியையும் மட்டும் பார்த்து எழுதப்படும் பதில், கழுத்தைத் தொட்டுப் பார்த்த வைத்தியரின் முடிவுக்கு ஈடாகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

*

கேள்வி: நான் 43 வயதான ஆசிரியை. கண்ணாடி முன் நின்று சங்கிலி கொளுவும்போது, எச்சில் விழுங்கினால் கழுத்தின் வலப்பக்கத்தில் ஒரு வீக்கம் மேலும் கீழும் அசைவதைக் கண்டேன். வலி இல்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் 28 x 19 x 17 மில்லிமீற்றர் அளவில் பெரும்பகுதி நீராகவும் சிறுபகுதி திண்மமாகவும் உள்ள கட்டி என்றும், ‘ரைராட்ஸ் 2’ என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒரு வைத்தியர் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்றார். இன்னொருவர் ஊசியால் எடுத்துச் சோதிப்போம் என்றார். யார் சொல்வது சரி? அறிக்கை ஆங்கிலத்தில் இருப்பதால் எனக்கு முழுவதும் விளங்கவில்லை.
(கோப்பாய் வாசகி)

பதில்: இருவர் சொல்வதும் சரி. அது எப்படி என்று விளங்கிக்கொள்ள, ஸ்கான் அறிக்கையின் சொற்களை முதலில் தமிழில் பார்த்துவிடுவோம். 1840களின் இறுதியில் மானிப்பாயில் வைத்தியக் கல்வியை ஆரம்பித்து, பின்னர் அதைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் வாழ்ந்த மண்ணில், இன்று ஒரு ஆசிரியை தன் கழுத்தைப் பற்றிய அறிக்கையை வாசிக்க முடியாமல் இருப்பது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருக்கிறது.

நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் மட்டும் நிறைந்து, மெல்லிய வழுவழுப்பான சுவரால் சூழப்பட்டிருப்பது முழு நீர்க்கட்டி. ஸ்கானில் அது முற்றாகக் கறுப்பாகத் தெரியும். தைரொயிட் கட்டிகளில் இவ்வாறு சுத்தமாக நீரே நிறைந்தவை மிகக் குறைவு; அவற்றில் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே. உங்களுடையதைப் போல, சுவரோடு ஒட்டிச் சதையும் நடுவில் நீரும் உள்ளவை கலப்புக் கட்டிகள். இவற்றில் பெரும்பாலானவை ஆரம்பத்தில் தீங்கற்ற திண்மக் கட்டிகளாக இருந்து, பின்னர் உள்ளே இழையம் சிதைந்தோ சிறிது குருதி கசிந்தோ நீர் தேங்கியவை. மூன்றாவது வகையில், தோசையின் கண்களைப் போலச் சின்னஞ்சிறு நீரறைகள் கட்டியின் பாதிக்கு மேற்பட்ட பகுதியில் நெருக்கமாக நிறைந்திருக்கும். அதைக் கடற்பஞ்சு போன்றது என்று அறிக்கையில் எழுதுவார்கள். அதுவும் நல்ல செய்திதான்.

ரைராட்ஸ் என்பது அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2017இல் வெளியிட்ட புள்ளி முறை. கட்டி எதனால் ஆனது, திண்மப் பகுதி எவ்வளவு கறுப்பாகத் தெரிகிறது, கட்டி அகலமானதா அல்லது நின்ற வடிவில் ஆழம் கூடியதா, ஓரம் எப்படி இருக்கிறது, உள்ளே வெண்புள்ளிகள் உண்டா என்ற ஐந்தையும் பார்த்துப் புள்ளி கொடுத்துக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகைக்கேற்பக் கட்டியை ஒன்றிலிருந்து ஐந்து வரையான வகுப்புகளில் ஒன்றில் வைப்பார்கள்; வகுப்பு கூடக் கூடச் சந்தேகமும் கூடும். உங்கள் கட்டிக்குக் கலப்பு என்பதற்கு 1, திண்மப் பகுதி சுரப்பியின் இயல்பான நிறத்திலேயே இருப்பதற்கு 1, ஆக மொத்தம் 2, அதாவது இரண்டாம் வகுப்பு. ஓரம் ஒழுங்காக உள்ளது. ஆழத்தை விட அகலம் கூடியது. அறிக்கையில் குறிப்பிடப்படும் ‘வால்மீன் வால்’ என்பது, கட்டிக்குள் இருக்கும் கொலோயிட் என்ற பசைபோன்ற பொருள் பிரகாசமாகத் தெரிந்து பின்னால் ஒரு வாலை விடுவது. நீர்ப்பகுதியில் அது தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அதற்குப் புள்ளியும் கிடையாது. இந்த முறையின்படி 2 புள்ளி பெற்ற கட்டிக்கு, அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும், புற்றுநோயைத் தேடி ஊசி போடத் தேவையில்லை. முதல் வைத்தியர் சொன்னது இதை வைத்துத்தான்.

அமெரிக்கத் தைரொயிட் சங்கம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டல் இதே கட்டியை ‘மிகக் குறைந்த சந்தேகம்’ என்ற வகுப்பில் வைத்து, ஆபத்து 3 சதவீதத்துக்கும் கீழ் என்று சொல்கிறது. ஆனால் கட்டி 2 சென்ரிமீற்றரைத் தாண்டினால், ஊசிச் சோதனை செய்யலாம் அல்லது ஸ்கானில் கவனித்து வரலாம் என்று இரண்டு வழிகளையும் திறந்து விடுகிறது. இரண்டாவது வைத்தியர் அந்த வழியில் நிற்கிறார். என்னிடம் கேட்டால், உங்கள் அறிக்கையில் உள்ள விபரங்கள் முழுமையானவையாகவும், கழுத்தின் நிணநீர்க் கணுக்கள் இயல்பாக உள்ளன என்று அதில் எழுதப்பட்டும் இருந்தால், ஊசி போடாமல் கவனித்து வருவதையே நான் தேர்வேன். ‘இருக்கிறதா இல்லையா’ என்ற எண்ணம் இரவில் நித்திரையைக் கெடுக்குமானால், ஊசி போட்டுக்கொள்வதிலும் தவறில்லை. அது ஒரு இரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்துவதைவிடச் சற்றே கூடிய சிரமம்.

இன்னுமொன்று. ஸ்கானைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், தைரொயிட்டைத் தூண்டும் ஓமோனை அளக்கும் ரி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை பற்றி ஒரு சொல்லும் இல்லை. கட்டி கண்டுபிடிக்கப்பட்டதும் முதலில் செய்ய வேண்டியது அது. அந்த அளவு இயல்பை விடக் குறைந்திருந்தால், கட்டி தானாகவே ஓமோன் சுரக்கிறதா என்று அறிய அணுக்கதிர் ஸ்கான் தேவைப்படும், பாதையே வேறாகிவிடும். அளவு இயல்பாக இருந்தால் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும்.

அடுத்த ஸ்கானில் கட்டி வளர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால், எவ்வளவு என்று கேளுங்கள். மூன்று அளவுகளையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 0.52ஆல் பெருக்கினால் கனவளவு வரும். உங்களுடையது இப்போது சுமார் 4.7 மில்லிலீற்றர். கனவளவு பாதிக்கு மேல் கூடினால், அல்லது குறைந்தது இரண்டு அளவுகள் 20 சதவீதமும் 2 மில்லிமீற்றரும் கூடினால்தான் அதை உண்மையான வளர்ச்சி என்று எடுப்போம். 28 மில்லிமீற்றர் 29 ஆவது, ஸ்கான் செய்பவரின் கை மாறியதாலும் நேரக்கூடியது. நீர்க்கட்டியில் நீர் மட்டும் கூடினால் கட்டி பெரிதாகுமே தவிர, அதன் சுபாவம் மாறியதாகாது. திண்மப் பகுதி கூடுகிறதா என்பதுதான் கேள்வி.

*

கேள்வி: எனக்கு வயது 56. கழுத்தில் இருந்த பெரிய கட்டியிலிருந்து கோப்பி நிறத்தில் 22 மில்லிலீற்றர் நீர் எடுத்தார்கள். ‘நீர்க்கட்டித் திரவம் மட்டும், புற்றுநோய்க் கலங்கள் காணப்படவில்லை’ என்று அறிக்கை வந்தது. வீட்டில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. இரண்டு மாதத்தில் கட்டி பழையபடி வந்துவிட்டது. புதிய ஸ்கானில் 45 x 36 x 34 மில்லிமீற்றர் என்றும், சுவரில் 11 மில்லிமீற்றர் திண்மப் பகுதி, அதற்குள் குருதியோட்டம், வெண்புள்ளிகள் என்றும் எழுதியிருக்கிறது. சத்திரசிகிச்சை இல்லாமல் மதுசார ஊசியால் நீர்க்கட்டியை வற்றவைக்கலாம் என்று வெளிநாட்டிலுள்ள மகன் சொல்கிறான். அதைச் செய்யலாமா?
(பருத்தித்துறை வாசகர்)

பதில்: இப்போது வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். கட்டி திரும்பி வந்ததைப் பற்றி நீங்கள் கவலைப்படுகிறீர்கள். எனக்கோ கவலை தருவது அந்த 11 மில்லிமீற்றர்.

நீர் திரும்பச் சேர்வது வழமையானதே. ஊசியால் நீரை மட்டும் எடுத்துவிட்ட தைரொயிட் நீர்க்கட்டிகளில் 60 முதல் 90 சதவீதமானவை மீண்டும் நிரம்பும், ஏனென்றால் நீரைச் சுரக்கும் சுவர் அங்கேயே இருக்கிறது. கோப்பி நிறம், உள்ளே முன்பு குருதி கசிந்து பழையதாகிவிட்டது என்பதைக் காட்டுகிறது. அதைக் கொண்டு நல்லது கெட்டது சொல்ல முடியாது. நிறத்தால் வைத்தியர் ஒரு முடிவுக்கு வரக்கூடிய சந்தர்ப்பம், நீர் கிணற்றுத் தண்ணீரைப் போலத் தெளிவாக வரும்போதுதான். அப்போது அது தைரொயிட்டுக்கு உரியதல்லாமல், அதன் பின்னால் இருக்கும் பராதைரொயிட் சுரப்பியின் நீர்க்கட்டியாக இருக்கலாம் என்று எண்ணி, அந்த நீரிலேயே பராதைரொயிட் ஓமோனை அளந்து பார்ப்போம்.

‘புற்றுநோய்க் கலங்கள் காணப்படவில்லை’ என்ற வரியில்தான் நீங்களும் வீட்டாரும் ஏமாந்திருக்கிறீர்கள். அதில் உங்கள் பிழை இல்லை. தைரொயிட் ஊசிச் சோதனையின் முடிவுகள் பல நாடுகளில் பெதெஸ்டா முறையில் ஆறு வகையாக எழுதப்படுகின்றன. தீங்கற்றது என்பது இரண்டாம் வகை. ‘திரவம் மட்டும்’ என்பது முதலாம் வகை. அதாவது, முடிவு சொல்லப் போதிய கலங்கள் கிடைக்கவில்லை. போதும் என்று சொல்வதற்குக் குறைந்தது பத்துப் பத்துக் கலங்கள் கொண்ட ஆறு தொகுதிகளாவது கண்ணாடித் தட்டில் இருக்க வேண்டும். உங்கள் ஊசி நீருக்குள் போய் நீரைக் கொண்டுவந்தது. கேள்விக்குரிய சதையை அது தொடவேயில்லை. தென்னந்தோப்பில் கள்ளனைத் தேடிப் போனவர் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, ஆளைக் காணவில்லை என்று வந்து சொன்னதைப் போன்றது அது. இதே வரி, திண்மப் பகுதியே இல்லாத, சுவர் மெல்லிய ஒரு நீர்க்கட்டிக்கு எழுதப்பட்டிருந்தால் ஸ்கானையும் சேர்த்துப் பார்த்து அதை நிம்மதியாக ஏற்றுக்கொள்ளலாம். உங்களுக்கு அப்படி ஏற்க முடியாது.

சுவரில் ஒட்டியிருப்பது எல்லாம் சதையுமல்ல. பழைய குருதி உறைந்தும் அப்படித் தெரியும். உறைந்த குருதிக்குள் குருதியோட்டம் இராது. சில வேளை நோயாளி திரும்பிப் படுத்தால் அது இடம் மாறவும் கூடும். உங்களுக்குக் குருதியோட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கானில் ஓட்டம் தெரிந்திருப்பதால் அது உயிருள்ள இழையம். அது கட்டியின் ஒரு பக்கமாக ஒதுங்கி, சுவரோடு கூர்ங்கோணத்தில் சேர்ந்து, அதற்குள் வால் விடாத நுண்ணிய வெண்புள்ளிகளும் இருந்தால் சந்தேகம் கூடுகிறது. பப்பிலரி வகைத் தைரொயிட் புற்றுநோய் சில வேளைகளில் நீர்க்கட்டிக்குள் இப்படித்தான் ஒளிந்திருக்கும். திண்மப் பகுதி கறுப்பாக இருந்தால் ரைராட்ஸ் புள்ளி முறையில் கலப்புக்கு 1, கறுப்புக்கு 2, வெண்புள்ளிகளுக்கு 3 சேர்ந்து 6 வரும், அது நாலாம் வகுப்பு, 1.5 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டால் ஊசிச் சோதனை அவசியம். இங்கே கணக்கில் எடுப்பது முழுக் கட்டியின் அளவு. 11 மில்லிமீற்றர் சிறியதுதானே என்று யாரும் சமாதானம் சொல்ல இடமில்லை.

ஆகையால் நீங்கள் கேட்க வேண்டியது, ஸ்கானில் பார்த்துக்கொண்டே அந்தத் திண்மப் பகுதிக்குள் ஊசியைச் செலுத்தி எடுக்கும் சோதனை. கையால் தடவிப் பார்த்து எடுப்பது உங்களுக்குப் போதாது. நீரை முதலில் வடித்துவிட்டு, சுருங்கிய கட்டியில் எஞ்சியிருக்கும் சதையைக் குறிவைப்பவர்களும் உண்டு. குருதி உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக அதை நிறுத்த வேண்டாம். கழுத்தின் இரு பக்கத்து நிணநீர்க் கணுக்களையும் அதே வேளையில் பார்த்துவிடும்படி கேளுங்கள். இரண்டாவது தடவையும் போதிய கலங்கள் கிடைக்காவிட்டால், உங்களைப் போன்ற ஸ்கான் தோற்றத்துக்கு, சுரப்பியின் அந்தப் பாதியைச் சத்திரசிகிச்சையால் எடுத்துச் சோதிப்பதே பெரும்பாலும் ஆலோசனையாக வரும்.

உங்கள் மகன் சொன்னதும் பொய்யல்ல. தீங்கற்றது என்று உறுதியான, திரும்பத் திரும்ப நிரம்பும் நீர்க்கட்டிகளுக்கு மதுசார ஊசியே முதல் தெரிவு என்று ஐரோப்பியத் தைரொயிட் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல் சொல்கிறது. நீரை வடித்துவிட்டு, 95 சதவீதத்துக்கு மேற்பட்ட செறிவுள்ள எதனோலை வடித்த நீரைவிடக் குறைந்த அளவில் உட்செலுத்துவார்கள். அது நீர் சுரக்கும் உட்சுவரைக் கருக்கி ஒட்டவைக்கும். பல நோயாளிகளில் கட்டியின் கனவளவு 80 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. ஊசி போடும்போது எரிவும் வலியும் இருக்கும். மருந்து வெளியே கசிந்தால் வலி கூடும். அரிதாகச் சில நாட்களுக்குக் குரல் கம்மும். திண்மப் பகுதி கூடிய கட்டிகளுக்கு இது அவ்வளவாகப் பயன்படாது. அவற்றை ரேடியோ அலை வெப்பத்தால் சுருக்கும் முறை வேறு உண்டு. இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை, கட்டி தீங்கற்றது என்று முதலில் உறுதிசெய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது. என்னவென்று தெரியாத ஒன்றைக் கருக்கிவிட்டால், பிறகு அதைச் சோதிப்பதும் கடினமாகிவிடும்.

இந்த மாதத்துக்குள் கிளினிக்குக்குப் போங்கள். தைரொயிட் புற்றுநோயாகவே இருந்தாலும், இந்த வகையின் பெரும்பாலானவை மெதுவாக வளர்பவை, சிகிச்சைக்கு நன்கு இணங்குபவை. ஒரு வாரம் பிந்தியதால் பறிபோவது எதுவுமில்லை. ஆனால் பழைய அறிக்கையை நம்பி ஒரு வருடம் இருந்துவிடக் கூடாது.

*

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. மூன்று வாரங்களுக்கு முன் இரவில் திடீரெனக் கழுத்து வீங்கி வலித்தது. அவசர ஸ்கானில் ‘நீர்க்கட்டிக்குள் குருதிக்கசிவு’ என்றார்கள். இப்போது வலி இல்லை, வீக்கமும் பாதியாகிவிட்டது. மீண்டும் எப்போது ஸ்கான் செய்ய வேண்டும்?
(சாவகச்சேரி வாசகி)

பதில்: தைரொயிட் கட்டி ஒரே இரவில் பெருத்தால், பெரும்பாலும் அதற்குக் காரணம் குருதிக்கசிவுதான். புற்றுநோய் ஒரே இரவில் வளர்வதில்லை. வலிக்குப் பரசிற்றமோல் போதும், அஸ்பிரின் வேண்டாம். மூச்சு விடுவதில் சிரமம், விழுங்க முடியாமை, வீக்கம் மணிக்கு மணி கூடுவது, இவற்றில் ஏதாவது ஏற்பட்டால் இரவென்றாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள்.

அடுத்த ஸ்கானை இரண்டு மூன்று மாதங்கள் கழித்துச் செய்வதே பயன் தரும்; கசிந்த குருதி அப்போது பெருமளவு கரைந்துவிட்டிருக்கும். அந்த ஸ்கானுக்குப் போகும்போது முதல் ஸ்கானின் அறிக்கையையும் படத்தையும் கட்டாயம் கொண்டுபோங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குருதி கசிந்தோ நீர் வடிக்கப்பட்டோ சுருங்கிப்போன நீர்க்கட்டி, வற்றல் மிளகாயைப் போல ஒடுங்கி, கறுத்து, ஓரம் ஒழுங்கற்று, சில வேளை நின்ற வடிவிலும் தெரியும். அதன் பழைய கதையை அறியாத ஒருவர் பார்த்தால், புள்ளி முறையின்படி அதை ஐந்தாம் வகுப்பில் போட்டுவிட நேரிடும். பிறகு ஊசி, பயம், சத்திரசிகிச்சைப் பேச்சு என்று வீடு கலங்கும். ‘மூன்று மாதத்துக்கு முன் இதே இடத்தில் 30 மில்லிமீற்றர் நீர்க்கட்டி இருந்தது’ என்ற ஒரு வரி இதையெல்லாம் நிறுத்திவிடும். காணி உறுதியைப் பெட்டகத்தில் வைத்துப் பாதுகாக்கும் நாங்கள், ஸ்கான் அறிக்கையை மட்டும் மருந்துக்கடைப் பையோடு எறிந்துவிடுகிறோம்.

*

கேள்வி: 15 வயது மகனுக்குக் கழுத்தின் நடுவில், குரல்வளைக்கு மேலே, ஒரு சிறிய நீர்க்கட்டி. நாக்கை வெளியே நீட்டினால் அது மேலே போகிறது. இதுவும் தைரொயிட் நீர்க்கட்டியா?
(காரைநகர் வாசகர்)

பதில்: நீங்கள் கவனித்த அந்த அசைவே பெரும்பாலும் விடையைத் தருகிறது. கருவில் தைரொயிட் சுரப்பி நாக்கின் அடியிலிருந்து கழுத்துக்கு இறங்கி வந்த பாதை முழுதாக மூடாமல் விடப்பட்டால், அங்கே நீர் தேங்கி இப்படி ஒரு கட்டி உண்டாகும். இது தைரொயிட் சுரப்பிக்குள் தோன்றும் நீர்க்கட்டி அல்ல. மேலே சொன்ன புள்ளிகள் இதற்குப் பொருந்தா. தொற்று ஏற்பட்டு அடிக்கடி வீங்குவதால் இதைச் சத்திரசிகிச்சையால் அகற்றுவதே வழமை. திரும்பி வராமலிருக்க, நாவடி எலும்பின் நடுப்பகுதியையும் சேர்த்தே எடுப்பார்கள். அதற்கு முன் ஒரு ஸ்கான் அவசியம்: உரிய இடத்தில் தைரொயிட் சுரப்பி இருக்கிறதா என்று பார்க்க. சிலருக்கு முழுச் சுரப்பியுமே அந்தப் பாதையில் தங்கிவிட்டிருக்கும்; அதை நீர்க்கட்டி என்று எடுத்துவிட்டால் உடலில் வேறு தைரொயிட் இராது.

*

கேள்வி: எனக்குச் சிறிய நீர்க்கட்டி, ரைராட்ஸ் 1. கோவா, மரவள்ளிக்கிழங்கு, மீன் எல்லாவற்றையும் நிறுத்தும்படி சொல்கிறார்கள். தைரொக்சின் மாத்திரை எடுத்தால் கட்டி கரையுமா?
(நல்லூர் வாசகி)

பதில்: மரவள்ளியிலும் கோவாவிலும் தைரொயிட் அயடீனை எடுப்பதைத் தடுக்கும் பொருட்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் அயடீன் பற்றாக்குறை உள்ளவர் அவற்றையே நாளாந்த உணவாகக் கொள்ளும்போதுதான் அது பொருட்படுத்தத்தக்கதாகிறது. இலங்கையில் கண்டக்கழலை அதிகம் காணப்பட்டது தென்மேற்கின் ஈரவலயத்தில். 1995 முதல் நாடு முழுவதும் உப்பில் அயடீன் சேர்க்கப்படுகிறது. நீங்களோ மீனும் உண்கிறீர்கள். மரவள்ளியை நன்றாக அவித்து வழமைபோலச் சாப்பிடுங்கள். மீனை நிறுத்த ஒரு காரணமும் இல்லை.

இரத்தத்தில் ஓமோன் அளவு இயல்பாக இருப்பவருக்குக் கட்டியைக் கரைப்பதற்கென்று தைரொக்சின் கொடுப்பதை இன்று பரிந்துரைப்பதில்லை. நீர்க்கட்டி அதற்கு அசையாது. தேவைக்கு மேற்பட்ட மாத்திரையோ இதயத் துடிப்பைக் குழப்பி, எலும்பைத் தேயவைக்கும். ரைராட்ஸ் 1 என்றால் உங்கள் கட்டிக்குப் புள்ளி பூச்சியம். அடுத்த ஸ்கானுக்குத் திகதி குறிக்கவும் தேவையில்லை. வீக்கம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கினாலோ விழுங்கும்போது தடங்கினாலோ மட்டும் போய்க் காட்டுங்கள்.